கலைக்க முடியாத வேஷம்: கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை எழுதப்பட்ட விதம்

1

தமிழில் நடிகர்களைப் பற்றி எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளை ஒருசேர வைத்துப் படிக்கிற யாருக்கும் ஒரு விஷயம் உறுத்தாமல் போகாது. ஆண் நடிகனின் வாழ்க்கை தொழிலின் கதையாக எழுதப்படுகிறது. எந்தக் கம்பெனியில் சேர்ந்தான், எந்த வாத்தியாரிடம் பாடம் கேட்டான், எந்த ஊரில் வசூல் ஆனது, எந்த ஊரில் கொட்டகை காலியாகக் கிடந்தது என்று பக்கம் பக்கமாகப் போகும். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுக'ளும் டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யும் அப்படிப்பட்ட பிரதிகள். நடிகையின் வாழ்க்கையோ காதலின் கதையாக, துறவின் கதையாக, இல்லாவிட்டால் வீழ்ச்சியின் கதையாகத்தான் எழுதப்படுகிறது. பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாள் என்றால் கடைசிக் காலத்து வறுமை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்தின் கதாநாயகியும் 'மிஸ் கமலா' (1936) படத்தை எழுதி இயக்கியவருமான டி.பி. ராஜலட்சுமி என்றால் இளமையிலே பட்ட துன்பம். எழுதினார், இயக்கினார் என்பதெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தபோது நாடகத்துக்கென்று ஒரு தாள் இருந்தது. பரிதிமாற் கலைஞர், பம்மல், சங்கரதாஸ் சுவாமிகள் என்று இலக்கணமும் ஆசிரியர் வரலாறும் படித்தோம். விடிய விடிய மேடையில் நின்று அந்தப் பாட்டுகளைப் பாடிய ஒரு பெண்ணின் பெயர்கூடப் பாடத்தில் இல்லை. எழுதப்பட்ட நாடகம் 'இலக்கியம்', நடிக்கப்பட்ட நாடகம் 'கூத்தாடித்தனம்' என்ற பழைய பாகுபாடு கல்விப்புலத்துக்குள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில் கே.பி. சுந்தராம்பாளின் (1908–1980) வாழ்க்கை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை வாசித்துப் பார்க்கலாம். அவரது கதை யாருக்கும் மறந்துபோனதில்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவருகிறது. சிக்கலே அதுதான்.

2

எல்லோருக்கும் தெரிந்த கதை இது. கொடுமுடியில் பிறந்த ஏழைப் பெண். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்கு வந்து பையன் வேஷம் போட்டாள். இலங்கையில் நாடகமாடிக்கொண்டிருந்தபோது 1926இல் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையில் ஜோடி சேர்ந்தாள். கிட்டப்பா செங்கோட்டைப் பிராமணர், ஏற்கெனவே மணமானவர். காதல், கல்யாணம், பிணக்கு, பிரிவு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார், வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, பாலைத் தொடவில்லை, ஆண்களோடு நடிக்கவில்லை. இங்கே கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த 47 வருஷமும் பின்னிணைப்பு.

முதலில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுவோம். ஆண்களோடு நடிக்கவில்லை என்பது உண்மையல்ல. 'நந்தனார்' (1935) படத்தில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்பதுதான் விரதம். இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. தொழிலை விடுவது வேறு, தொழிலுக்குள் ஒரு நிபந்தனை போடுவது வேறு. வரலாறு எழுதுகிறவர்கள் நிபந்தனையைத் துறவாக மாற்றி எழுதிவிட்டார்கள்.

ஏன் அந்த நிபந்தனை? பதிபக்தி என்கிறார்கள். துக்கம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. இன்னொருத்தியின் துக்கத்தை அளந்து பார்க்க எந்த விமர்சகனுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் துக்கத்துக்கு வெளியேயும் ஓர் உலகம் இருந்தது. ஸ்பெஷல் நாடகம் என்ற அமைப்பை நினைத்துப் பாருங்கள். அதில் கம்பெனி என்ற கூரை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்த்ரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து வந்து சேர்வார்கள். ஒத்திகை இல்லாமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏறினால் விடியும்வரை பாட்டும் தர்க்கமும்தான். ஒவ்வொரு ராத்திரிக்கும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு பெண் காண்டிராக்டரோடும் மைனர்களோடும் தானே பேசித் தீர்த்தாக வேண்டிய தொழில் அது. அதில் 'இரண்டாம் தாரம்' என்ற பெயரும், அந்தத் தாரத்தையும் இழந்த நிலையும், 25 வயதும் சேர்ந்தால் அந்த உடம்பை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சேலை அந்தப் பார்வைக்கு முன்னால் போட்ட வேலி. 'இந்த உடம்பு உங்கள் பேரத்தில் இல்லை, குரல் மட்டும்தான் இருக்கிறது' என்று அது அறிவித்தது. துக்கமும் தந்திரமும் ஒரே சேலையில் இருக்கக் கூடாதா என்ன?

3

அந்தக் குரலின் பேரத்தைப் பற்றி இன்னொரு கதை உண்டு. 'நந்தனார்' படத்துக்கு அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. இதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? சினிமாவில் நடிக்க அவருக்கு விருப்பமே இல்லையாம். தயாரிப்பாளரைத் துரத்திவிடுவதற்காகத்தான் ஒரு லட்சம் கேட்டாராம். அவர் ஒப்புக்கொண்டதால் வேறு வழியில்லாமல் நடித்தாராம்.

இருக்கலாம். ஆனால் இந்தக் கதை செய்கிற வேலையைப் பாருங்கள். பெண் தன் உழைப்புக்கு விலை வைத்தாள் என்ற செய்தியைத் தமிழ் மனம் அப்படியே விழுங்க முடியாது. விலை வைத்தாள், ஆனால் வாங்குவதற்காக வைக்கவில்லை என்று ஒரு முடிச்சுப் போட்டால்தான் அவள் புனிதம் காப்பாற்றப்படும். பாகவதர் எவ்வளவு வாங்கினார், சின்னப்பா எவ்வளவு வாங்கினார் என்று பேசும்போது இப்படியொரு சமாதானம் யாருக்காவது தேவைப்பட்டதா? ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரன் காதில் விழுகிற மாதிரி உச்சஸ்தாயியில் பாடிப் பாடி உரமேறிய தொண்டை அது. அதன் சந்தை மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் படத்தையே தலித் வாசிப்பின் பக்கத்திலிருந்தும் கேள்வி கேட்டாக வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பண்ணையார் வேதியரை உண்டாக்கிக் கதையை விரித்த பிறகு நந்தன் மேடைக்கும் சினிமாவுக்கும் மலிவாகக் கிடைத்த சரக்கானான். ஆலய நுழைவு பற்றிய பேச்சு சூடாக இருந்த 1930களில் நந்தனாக வந்தது யார்? ஒரு பெண். தலித் உடல் திரையில் வரவே இல்லை. பண்ணை அடிமையான ஓர் ஆணின் உடல் வேதியருக்கு முன்னால் நின்றால் அதில் ஒரு மிரட்டல் இருக்கும். நிலத்தைப் பற்றிய, கூலியைப் பற்றிய கேள்வி இருக்கும். பெண் குரலில் உருகுகிற நந்தனிடம் பக்தி மட்டும்தான் மிஞ்சும். ஆணுக்கு ஜோடியாக நடிக்காமல் தொழிலில் நீடிக்க சுந்தராம்பாளுக்கு ஆண் வேஷம் ஒரு வாசலைத் திறந்தது. அதே வேஷம் நந்தனைச் சாதுவாக்கவும் உதவியது. ஒருத்தியின் விடுதலை இன்னொருவனின் முடக்கத்தோடு பின்னிக்கிடக்கிற இடம் இது. பெண்ணியம் பேசுகிற நாமும் தலித்தியம் பேசுகிற நாமும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய இடமும் இதுதான்.

4

இனி அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். நந்தனார் ஆண். 'மணிமேகலை' (1940) துறவி. 'அவ்வையார்' (1953) கிழவி. 'பூம்புகா'ரில் (1964) கவுந்தியடிகள் சமணத் துறவி. 'திருவிளையாடலி'ல் (1965) திரும்பவும் அவ்வை. 'காரைக்கால் அம்மையா'ரில் (1973) பேயுருவம் வேண்டிப் பெற்றவள்.

ஜெமினியின் 'அவ்வையார்' படத்தில் இளம் அவ்வையாக வருவது குசலகுமாரி. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் வேண்டி இளமை கழன்று விழுந்த பிறகுதான் சுந்தராம்பாள் வருகிறார். இருபது வருஷம் கழித்து 'காரைக்கால் அம்மையா'ரிலும் அப்படியே. இளம் புனிதவதி லட்சுமி. உருவம் மாறிய பிறகு சுந்தராம்பாள். இரண்டு படத்திலும் இளமை என்ற பகுதியை வேறொரு நடிகையிடம் கொடுத்துவிடுகிறார்கள். பெண்ணுடல் தன் பெண்மையைக் கழற்றி எறிந்த நொடியில் இவர் திரைக்குள் நுழைகிறார்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பொதுவெளியில் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் எதிரே நின்று பேச நம் மரபு பெண்ணுக்கு வைத்திருக்கிற வாசல் குறுகலானது. அவ்வையைப் போல நரைக்க வேண்டும், அம்மையைப் போல வற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டாளைப் போலக் கடவுளோடு கலந்து காணாமல் போக வேண்டும். உடம்போடு இருந்துகொண்டு, ஆசையோடு இருந்துகொண்டு, வாதம் செய்கிறவளுக்கு அங்கே இடமில்லை. சுந்தராம்பாளின் வாழ்க்கையும் அவர் பாத்திரங்களும் ஒன்றையொன்று எழுதிக்கொண்டன. ஊர் அவரை அவ்வையாகப் பார்த்தது. அவ்வை வேஷம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஊர் இன்னும் அவ்வையாகப் பார்த்தது.

அவ்வை வேஷத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1940களில் டி.கே.எஸ். சகோதரர்களின் மேடையில் அவ்வையாக நடித்துப் புகழ்பெற்றவர் டி.கே. சண்முகம். முப்பதை ஒட்டிய ஆண்பிள்ளை. அந்த வேஷம் அவருக்குப் பட்டமாயிற்று, 'அவ்வை' என்பது பெயரின் முன்னொட்டாயிற்று, சென்னையில் ஒரு சாலைக்கே அவ்வை சண்முகம் என்று பெயர் இருக்கிறது. ராத்திரி வேஷத்தைக் கலைத்துவிட்டு அவர் ஆணாக வீட்டுக்குப் போனார். கிழவி வேஷம் போட்டதால் அவர் இளமையை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. சுந்தராம்பாளுக்கோ மேடையை விட்டு இறங்கினாலும் அதே வெள்ளைச் சேலை, அதே விபூதி. கலைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

'வள்ளி திருமணம்' நாடகத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஜோடியாகப் பேர் வாங்கிய நாடகங்களில் ஒன்று. அதில் முருகன் வேலனாய், வேடனாய், விருத்தனாய் வருவான். விருத்தன் வேஷம் காதலுக்கான விளையாட்டு; நினைத்தபோது கழற்றலாம். ஆணின் கிழட்டு வேஷம் காதலைத் தொடங்கிவைக்கிறது. வள்ளியாக நின்றவளுக்கு வாய்த்த கிழட்டு வேஷமோ காதல் முடிந்ததற்கான சான்றிதழ். 'திருவிளையாடலி'ல் கோபித்துக்கொண்டு போன முருகனுக்கு அந்த அம்மாள் பாட்டிலேயே சமாதானம் சொல்லும்போது எனக்கு இந்த வள்ளிதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

5

இந்தக் குரலை யார் யார் கடன் வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கிட்டப்பா இறந்த பிறகு ஒதுங்கியிருந்தவரை வெளியே கொண்டுவந்ததில் காங்கிரசுக்காரர்களுக்கு, குறிப்பாக சத்தியமூர்த்திக்குப் பங்குண்டு. 1937 தேர்தலில் ஊர் ஊராகப் பாடினார். பாட்டுக்குக் கூட்டம் சேரும், சேர்ந்த கூட்டத்துக்குத் தலைவர் பேசுவார். காந்திக்குத் தங்கத் தட்டில் சோறு போட்ட கதையும் தட்டையே அவர் கேட்டு வாங்கிக்கொண்ட கதையும் பரவலாகச் சொல்லப்படுவதுதான். 1951இல் மேலவை உறுப்பினராக்கினார்கள். சட்டமன்றத்துக்குள் போன முதல் சினிமாக் கலைஞர் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறவர், அங்கே என்ன பேசினார் என்று எந்த வரலாற்றிலும் விரிவாக எழுதப்படவில்லை. பிறகு வாசனின் ஜெமினி. பிறகு, முருக பக்தையான அவருக்கு 'பூம்புகா'ரில் சமணத் துறவி வேஷம் கொடுத்த மு. கருணாநிதியின் வசனம். பிறகு ஏ.பி. நாகராஜனின் புராணப் படங்கள். தேசியம், வணிகம், திராவிடம், பக்தி என்று ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட நான்கு முகாம்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின: சுந்தராம்பாள் என்றால் புத்தி சொல்கிற மூதாட்டி.

அந்த இடத்தை அவர் வீணாக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடுத்த குறுகிய வாசலுக்குள் நின்றுகொண்டு மன்னர்களை அதட்டினார், முருகனுக்கே நியாயம் சொன்னார். 'துணைவன்' (1969) படப் பாட்டுக்கு தேசிய விருது வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கதாநாயகிகள் முப்பதில் காணாமல் போகிற தொழிலில் இது சாதாரணமா? ஒருவேளை, உடம்பை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிட்டதால்தான் குரல் அத்தனை காலம் நின்றதோ என்னவோ. லாபத்தையும் விலையையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

6

பழைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. திருவிழா ராத்திரிகளில் 'வள்ளி திருமணம்' இன்னும் ஓடுகிறது. ஸ்த்ரீபார்ட் ஏறுகிற பெண்ணுக்கு நாடகம் முடிந்து விடிந்தால் 'கூத்தாடிச்சி' என்ற பட்டம்தான். அவளைத் திட்டுவதற்கும் சுந்தராம்பாள்தான் பயன்படுகிறார்: 'அந்தம்மா எப்படி இருந்தாங்க, இதுகளும் இருக்குதுகளே.' புனிதப்படுத்தப்பட்ட ஒருத்தி புனிதமில்லாத ஆயிரம் பேருக்கு எதிராக நிறுத்தப்படுகிறாள். அந்தம்மா தொடங்கியதும் இதே மேடையில்தான் என்பது வசதியாக மறக்கப்படுகிறது.

அதனால் சுந்தராம்பாளை வேறு மாதிரி எழுத வேண்டும் என்கிறேன். 1933க்குப் பிந்தைய 47 வருஷத்தை மையத்தில் வைத்து எழுதலாம். கம்பெனியில் பாடிய குழந்தைக்குக் கூலி என்ன, யார் வாங்கினார்கள். இலங்கைக்குப் போகவர யார் ஏற்பாடு. இசைத்தட்டுக்கு என்ன கொடுத்தார்கள். நாடக நோட்டீசில் பெயர் எந்த அளவு எழுத்தில் போட்டார்கள். மேலவையில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்று தேடலாம். கொடுமுடியில் தன் பெயரில் ஒரு சினிமாத் தியேட்டர் கட்டினார். சினிமாவில் பாடிச் சம்பாதித்த காசில் சினிமாக் கொட்டகைக்கு முதலாளியான பெண் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? வரலாறுகளில் அது போகிறபோக்கில் வருகிற ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்திலிருந்து யாராவது எழுதத் தொடங்கட்டும்.