ஐஸ் தொழிற்சாலையும் ஓட்டல் சமையற்கட்டும்
(சிறு முதலீட்டுக் குங்ஃபூ படங்கள்: ஒரு மதிப்பீடு)

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் இளைஞர் பிரிவினர் ஒரு ஞாயிறு மாலை 'தி பிக் பாஸ்' படத்தைத் திரையிட்டார்கள். (வீட்டுக்குள் ஆட்களை அடைத்துவைத்துச் சண்டை மூட்டிவிடும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அல்ல, 1971இல் வெளிவந்த புரூஸ் லீ படம்.) படம் ஓடிய நேரத்தில் பாதிக்கு மேல் அரங்கில் சிரிப்பொலிதான். குத்து வாங்கிய ஒருவன் மரச்சுவரில் மோதி, சுவரில் ஆள் உருவத்திலேயே ஓட்டை விழுந்தபோது கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் குனிந்து, "அங்கிள், இதையா நீங்க நாலு தடவை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

நாலு தடவை இல்லை, ஆறு தடவை. அதைச் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை. சொல்லாமல் விட்டதற்கு வட்டியும் முதலுமாக இக்கட்டுரை.

மலர்க் குழுவில் இப்பொருளைச் சொன்னபோது மூத்த அன்பர் ஒருவர், "சிலப்பதிகாரம், சங்க கால வணிகம் என்று வருகிற மலரில் அடிதடிப் படத்துக்கு ஒரு கட்டுரையா?" என்று தயங்கினார். அவருடைய தயக்கம் நியாயமானதே. ஆயினும் பிழைக்க வந்த ஊரில் நம்மில் பலர் முதலில் மொழி தெரியாமலே புரிந்துகொண்ட படங்கள் இவைதாம். அவற்றுக்கு ஒரு நேர்மையான கணக்குத் தீர்ப்பது நம் கடமை என்று கருதுகிறேன்.

அளவுகோல்

குறைந்த செலவில் எடுத்த படத்தை எப்படி மதிப்பிடுவது? இருவகைத் தவறுகள் நடக்கின்றன. ஒன்று, பெரிய படங்களின் அளவுகோலை அப்படியே வைத்து, "செட் ஆடுது, சத்தம் பொருந்தலை" என்று தள்ளிவிடுவது. மற்றொன்று, "பாவம், காசில்லாமல் எடுத்தார்கள்" என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது. முன்னது அகம்பாவம், பின்னது இரக்கம். இரண்டுமே விமர்சனம் ஆகா.

என் முறை எளியது. ஒரு குறையைக் கண்டால், இது காசில்லாததால் வந்ததா, கருத்தில்லாததால் வந்ததா என்று கேட்டுக்கொள்வேன். முதல் வகையைப் பொறுக்கலாம். இரண்டாம் வகையைப் பொறுக்கக் கூடாது.

காசில்லாததால் வந்தவை

'பிக் பாஸ்' படத்தைத் தயாரித்தது கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம். ஹாங்காங்கின் பெரிய நிறுவனமான ஷா பிரதர்ஸிலிருந்து வெளியேறிய ரேமண்ட் சௌ 1970இல் தொடங்கியது. படத்தின் செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் அமெரிக்க டாலர். இரண்டு படங்களுக்குச் சேர்த்துப் புரூஸ் லீக்குப் பேசிய சம்பளம் 15,000 டாலர். தாய்லாந்தில் பாக் சோங் என்ற சிற்றூரில் படப்பிடிப்பு. தொடங்கிய இயக்குநர் பாதியில் மாற்றப்பட்டு லோ வெய் வந்து முடித்தார்.

இந்தக் கணக்கு தெரிந்தால் நம் பிள்ளைகள் சிரித்த பல இடங்கள் விளங்கிவிடும். உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்வது ஏன்? அக்கால ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவு இல்லாமலே எடுக்கப்பட்டன. மாண்டரின், காண்டனீஸ், ஆங்கிலம் எல்லாமே பின்னால் சேர்த்த குரல்கள். ஆங்கிலப் பிரதியில் நாம் கேட்பது புரூஸ் லீயின் பேச்சே அன்று. காமிரா திடீர் திடீரென்று முகத்தை நோக்கிப் பாய்வது ஏன்? தண்டவாளம் போட்டுக் காமிராவை நகர்த்த நேரமும் ஆளும் வேண்டும். ஜூம் லென்ஸுக்கு ஒரு கை போதும். இவையெல்லாம் ஏழை வீட்டுச் சுவரில் தெரியும் செங்கல் மாதிரி. சுட்டிக்காட்டிச் சிரிப்பதில் பெருமை இல்லை.

இந்தப் படங்களின் செல்வம்

இனி நிறைகளுக்கு வருவோம். முதலாவது, உடம்பு. காசு இல்லாத இடத்தில் உண்மையான திறமைதான் மூலதனம். நடிகருக்குச் சண்டை தெரியாவிட்டால் காமிரா அருகில் போய், துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, சண்டை நடந்ததாக நம்பவைக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் காமிரா தள்ளி நின்று தலை முதல் கால் வரை காட்டலாம். 'வே ஆஃப் தி டிராகன்' (1972) படத்தில் ரோமாபுரியின் கொலோசியத்தில் புரூஸ் லீயும் சக் நாரிஸும் மோதுவதைப் பாருங்கள். அதில் பெரும்பகுதி ஹாங்காங் ஸ்டுடியோவில், வரைந்த பின்னணியின் முன் எடுத்ததுதான். ஆனால் இருவரும் எலும்பு முறுக்கித் தசை தளர்த்தி ஆயத்தமாவதும், ஒரு பூனைக்குட்டி மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும், முதலில் அடி வாங்கும் நாயகன் தன் முறையை மாற்றிக்கொண்டு காலை இலகுவாக்கி ஆடத் தொடங்குவதும் ஒரு முழுக் கதை. வசனம் தேவைப்படவில்லை. தோற்று இறந்தவனின் மேல் அவனுடைய சட்டையையும் கறுப்புப் பட்டையையும் மரியாதையுடன் வைக்கிறான் வென்றவன். நம் புறப்பாடல்கள் பகைவனின் வீரத்தையும் பாடியவை. அந்த மரபில் வளர்ந்தவனுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாவது, பயிற்சியைக் கலையாக்கியது. லாவ் கார்-லியுங் இயக்கி கோர்டன் லியு நடித்த '36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978) இதற்குச் சிறந்த சான்று. இயக்குநரே ஹுங் பாணியைத் தம் தந்தையிடம் முறையாகக் கற்றவர். பழி வாங்கும் வெறியோடு மடத்துக்கு ஓடிவரும் இளைஞன் எடுத்த எடுப்பிலேயே மிக உயர்ந்த அறைக்குப் போய்த் தோற்றுத் திரும்புகிறான். பிறகு அடியிலிருந்து தொடங்குகிறான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் தண்ணீரில் மிதக்கும் கட்டைமேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். விழுந்தால் நனைந்த துணியோடு பட்டினி. கையை நீட்டித் தண்ணீர் சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் புயத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். சிலம்பத்தில் ஆசான் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடி பழக்குவது போல. நம் சங்கத்து வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே பாடும் சரளி வரிசை போல. எல்லாம் கற்று முடித்தபின் அவன் கேட்கும் வரம், மடத்துக்கு வெளியே உள்ள எளியவர்களுக்கும் இக்கலையைக் கற்பிக்க 36ஆவது அறை ஒன்று வேண்டும் என்பதே. எத்தனை பெரிய படங்களில் இப்படி ஒரு எண்ணம் உண்டு?

மூன்றாவது, நமக்கு மிக நெருக்கமானது: இவை பிழைக்கப் போனவர்களின் கதைகள். 'பிக் பாஸ்' நாயகன் தாய்லாந்தில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினர் வீட்டுக்கு வந்து சேரும் சீன நாட்டுப்புறத்தான். 'வே ஆஃப் தி டிராகன்' நாயகன் ரோமில் சொந்தக்காரப் பெண்ணின் சீன ஓட்டலுக்கு உதவ வருபவன். விமான நிலையத்தில் ஒரு மூதாட்டி அவனை விநோதப் பிராணியைப் போல உற்றுப் பார்க்கிறாள். உணவகத்தில் மொழி தெரியாமல் அட்டையில் விரல் வைக்கிறான், வந்ததெல்லாம் சூப்பு. வெட்கத்தை மறைத்து அத்தனையையும் குடித்து முடிக்கிறான். நான் பம்பாய் வந்த புதிதில் இரானி ஓட்டலில் விரல் காட்டி வாங்கிய பன்னுகளின் எண்ணிக்கை எனக்குத்தான் தெரியும்.

கருத்தில்லாததால் வந்தவை

இத்தனை சொன்னபின் குறைகளை மூடி மறைப்பது முறையன்று. பெண்களுக்கு இப்படங்களில் பெரும்பாலும் அழுவதும் கடத்தப்படுவதும்தான் வேலை. 'வே ஆஃப் தி டிராகன்' படத்தில் வில்லனின் மொழிபெயர்ப்பாளரைப் பெண்மை நடையுள்ளவராக்கிக் கேலி செய்திருக்கிறார்கள். அதற்குச் செலவுக் குறைவு காரணமல்ல.

பிறரைக் கேலிச் சித்திரமாக்கும் பழக்கம் நம்மையும் விட்டுவைக்கவில்லை. ஜிம்மி வாங் யூவின் 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' (1976) படத்தில் ஓர் இந்திய யோகி வருகிறார். மாநிறச் சாயம் பூசிய சீன நடிகர். சண்டையின் நடுவே அவருடைய கைகள் ரப்பர் போல நீளும்! அன்று திரையரங்கில் விசில் அடித்துச் சிரித்தோம். 'மதராசி' என்ற சொல்லைத் தெருவில் கேட்டுக் கூசியவர்கள்தாம் நாங்கள். அந்தக் கூச்சத்துக்கும் இந்தச் சிரிப்புக்கும் உள்ள தொடர்பு அன்று உறைக்கவில்லை. அதே படத்தில் 'நொய்!' என்ற ஜெர்மன் குழுவின் இசையை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறர் இசையை இப்படி எடுத்தாள்வது அன்றைய ஹாங்காங்கில் சகஜம்.

இவற்றினும் கீழானது பேராசையால் வந்தது. புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று மறைந்தார். அதன்பின் அவர் பெயரை ஒத்த பெயர்களோடு, அவரைப் போல முடி வெட்டிய நடிகர்கள் வரிசையாக வந்தார்கள். அவர் முடிக்காமல் விட்ட 'கேம் ஆஃப் டெத்' 1978இல் வெளிவந்தது. மாற்று நடிகர்கள் போதாதென்று, ஒரு காட்சியில் கண்ணாடியில் லீயின் முகப்படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அவருடைய உண்மையான இறுதிச்சடங்குக் காட்சியையே கதைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிணத்தின் நெற்றிக் காசை எடுப்பது என்பார்களே, அதுதான் இது.

ஒரு திங்கட்கிழமை

இனிச் சொல்லப்போவது படத்தைப் பற்றி மட்டும் அன்று. 1981இல் சயானில் ஓர் அறையில் நாங்கள் ஏழு பேர். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். ஒரு லேத் பட்டறையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை. மூன்று வாரக் கூலி நின்றுபோயிருந்தது. ஏழு பேரும் சேர்ந்து போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். அந்த ஞாயிறு காலைக் காட்சியில் 'பிக் பாஸ்' பார்த்தோம்.

இரவு அறையில் இளையவன் ஒருவன் சொன்னான்: "அண்ணாச்சி, கேட்டுக்கிட்டே இருந்தா குடுக்க மாட்டானுவ. புரூஸ் லீ என்ன மனு எழுதியா குடுத்தான்?" சிரித்தோம். மறுநாள் காலை எங்களுக்கு முன்பே போய் ஒப்பந்தக்காரரின் தம்பியை அடித்துவிட்டான். போலீஸ் வந்தது. அவன் இரண்டு நாள் கழித்து வெளியே வந்து ஊருக்கு ரயிலேறினான். கூலி அவனுக்கு மட்டுமில்லை, ஏழு பேருக்கும் போயிற்று. "உங்க ஆளுதானே அடிச்சான்" என்பதோடு பேச்சு முடிந்தது.

பல ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் அந்தப் படம் என்ன சொல்லியிருக்கிறது என்று கவனித்தேன். நாயகன் தாய்க்குச் சண்டை போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அவன் கை ஓங்குவதே இல்லை. காணாமல் போன தொழிலாளர்களைப் பற்றிக் கேள்வி எழுந்ததும் முதலாளி என்ன செய்கிறான்? நாயகனை மேஸ்திரி ஆக்கி, விருந்து வைத்து, குடிக்கக் கொடுத்து, கூட இருந்தவர்களே அவனை வெறுக்கும்படி செய்கிறான். தொழிலாளரைப் பிரிக்கும் தந்திரத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. கடைசியில் நாயகன் முதலாளியைக் கொன்றுவிடுகிறான். ஆனால் அதற்குள் உறவினர் வீடே கொலைக்களமாகிவிட்டது. அவன் கை தாழ்த்திப் போலீசோடு போகிறான்.

அடித்தவன் எல்லாவற்றையும் இழந்தான் என்றுதான் படம் முடிகிறது. ஆனால் எங்கள் காதில் அது விழவில்லை. ஏனென்றால் அடிக்குச் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட அடியின் விளைவுக்கு அவர்கள் செலவிடவில்லை. சண்டை நிமிடக் கணக்கில். சிறை நொடிக் கணக்கில். இதுவே இப்படங்களின் பெரிய குறை என்பது என் முடிவு. அதற்கும் காசுக்கும் தொடர்பில்லை.

இன்னொரு பாத்திரத்தையும் அன்று நான் கவனிக்கவில்லை: 'வே ஆஃப் தி டிராகன்' படத்தின் முதிய சமையற்காரர். கூட வேலை செய்யும் பையன்களையே இறுதியில் அவர் குத்திவிடுகிறார். காரணம்? ஓட்டலை விற்றால் கிடைக்கும் பணத்தோடு ஹாங்காங்கில் இருக்கும் மனைவி மக்களிடம் திரும்ப வேண்டும் என்பதே. நாயகனைவிட அவர்தான் இன்று என்னைத் தூங்கவிடுவதில்லை. ஊர் திரும்பும் ஏக்கம் மனிதனை என்ன செய்யும் என்பது இந்தச் சங்கத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. படமோ ஒரே நிமிடத்தில் அவரைக் கடந்துவிடுகிறது.

பின் வந்தவை

இந்த மரபு வற்றிவிடவில்லை. தாய்லாந்தின் 'ஓங்-பாக்' (2003) கம்பியோ கணினி வித்தையோ இல்லாமல் டோனி ஜாவின் முழங்கையையும் முழங்காலையும் நம்பி எடுத்த படம். நல்ல தாவல் ஒன்றை இரண்டு மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவது சலிப்புதான். எனினும் கிராமத்திலிருந்து பாங்காக் போய்ப் பெயரை 'ஜார்ஜ்' என்று மாற்றிக்கொண்டு ஊரை மறைக்கும் அந்த இளைஞனை மறக்க முடியாது. இந்தோனேசியாவில் எடுத்த 'தி ரெய்ட்' (2011) சுமார் 11 லட்சம் டாலரில், ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள், சிலாட் கலையை உலகறியச் செய்தது. கதை மெலிவு, உழைப்பு மலை.

ஒரு வார்த்தை எச்சரிக்கையாக. '7ஆம் அறிவு' (2011) வந்த பிறகு, குங்ஃபூவே போதிதர்மர் கொடுத்த கொடை, ஆகவே நம்முடையது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவரைத் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. ஆனால் அவர் ஷாவோலினில் சண்டைக்கலை கற்பித்தார் என்ற கதைக்கு வேர் 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில்தான், வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. பிறர் உழைப்பைப் பாராட்ட நமக்கு அதில் பங்கு இருந்தாக வேண்டுமா?

நிறைவாக, அன்று கேள்வி கேட்ட தம்பிக்கு: ஓட்டை விழுந்த சுவரைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஐஸ் அறுக்கும் ஆட்களையும் கொஞ்சம் பாருங்கள். அடுத்த ஞாயிறு 'வே ஆஃப் தி டிராகன்' போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: சண்டை முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது, சமையற்காரர் பேசி முடிக்கிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.