நோட்டீஸில் இல்லாத வரி: கள்ளக்குறிச்சியில் பிராட்பேண்ட் தேர்ந்தெடுப்பது பற்றி

காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு வழவழப்பான நோட்டீஸ் விழுகிறது. 100 எம்பிபிஎஸ், 200 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் மாதக் கட்டணம், கூடவே எந்தெந்த ஓடிடி இலவசம் என்ற பட்டியல். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ரவுட்டர் இலவசம். அடியில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். கள்ளக்குறிச்சியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. என் மேஜை டிராயரில் இப்படி நாலு நோட்டீஸ் சேர்ந்துவிட்டது.

இந்த நாலையும் ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவதுபோல வரிவரியாகப் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்தில் இரண்டு முறை இணைப்பை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று ஒப்பிட்டுத்தான் எடுத்தேன். மூன்றாவது இணைப்பும் போன மழையில் ஐந்து நாள் படுத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: தப்பு கம்பெனியில் மட்டும் இல்லை, நான் தேர்ந்தெடுத்த முறையிலும் இருக்கிறது.

நோட்டீஸ் சொல்வது

நோட்டீஸ் விற்பது வேகம். சரி, எவ்வளவு வேகம் வேண்டும்? 2004-ல் இந்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டபோது 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். பிறகு 512 ஆனது. 2023 ஜனவரியில்தான் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் என்று மாற்றினார்கள். அதாவது நோட்டீஸில் இருக்கிற ஆகக் குறைந்த திட்டமே சட்டத்தின் வரையறையைப்போல ஐம்பது மடங்கு.

வீட்டுக் கணக்கு போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். ஒரு எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் அளவில் போதும். ஒரு வீடியோ கால் அதைவிடக் குறைவாக எடுத்துக்கொள்ளும். நாலு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தாலும் 50 எம்பிபிஎஸ் தாண்டாது. 100-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தை என் வீட்டில் ஒருத்தரும் உணர்ந்ததில்லை. 100-க்கும் சைபருக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாரும் உணர்ந்திருக்கிறோம்.

அந்த சைபரைப் பற்றி நாலு நோட்டீஸிலும் ஒரு வரிகூட இல்லை.

நோட்டீஸ் சொல்லாதது

நம் வீட்டுக்கு வருகிற ஃபைபர் நேராகக் கம்பெனியிலிருந்து வருவதில்லை. உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் அலுவலகத்திலோ எக்ஸ்சேஞ்சிலோ ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து கிளம்புகிற ஒரு இழையை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்கிற சின்ன டப்பா வைத்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிப்பார்கள். ஜிபான் என்ற இந்த முறையில் ஒரு இழை கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ் கொண்டுவரும். அதைத்தான் அத்தனை வீடும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை என்பதால் இது ஓடிவிடுகிறது. முறையில் கோளாறு இல்லை. கோளாறு அந்த இழை வருகிற வழியில்.

நம்ம ஊரில் அது பெரும்பாலும் கம்பம் விட்டுக் கம்பம் தாவித்தான் வருகிறது. கரும்பு வெட்டு சீசனில் ஆலைக்குப் போகிற டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரில் எவ்வளவு உயரத்துக்கு லோடு ஏற்றியிருக்கும்! தாழ்ந்து தொங்குகிற கேபிளை அது இழுத்துக்கொண்டு போனால் ஒரு தெருவே அணைந்துவிடும். இது போக அணில், எலி, காற்றில் முறிகிற கிளை. மண்ணுக்குள் புதைத்த கேபிளுக்கு ஜேசிபி. தோண்டுவதற்கு முன் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்ல 'கால் பிஃபோர் யூ டிக்' என்று மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியே வெளியிட்டது. குழாய் பதிக்க ஒரு மணி நேர வாடகைக்கு ஜேசிபி எடுக்கிறவர் அதைத் திறந்து பார்ப்பாரா என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

அப்புறம் கரண்ட். நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம், மோடத்தில் பச்சை விளக்கு எரியலாம். கேபிள் அலுவலகத்துப் பெட்டிக்குப் பேட்டரி இல்லையென்றால் எல்ஓஎஸ் என்று சிவப்பு விளக்குதான் வரும்.

கடைசியாக வெளியூர் லைன். கம்பெனிப் பெயர் நாலு இருக்கலாம். இரண்டு பெயர்கள் ஒரே கம்பத்தில் வந்து, ஒரே பாதையில் ஊரை விட்டு வெளியே போகிறதென்றால், அதில் தேர்வு என்று எதைச் சொல்வது? முதல் இணைப்பு அடிக்கடி போகிறதென்று இரண்டாவதாக ஒன்றைக் காப்புக்கு எடுத்து, இரண்டும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் போனதைப் பார்த்தவன் நான். நோட்டீஸின் நிறம்தான் வேறு.

கம்பம் ஏறுகிறவர்

இனி எழுதப்போவது எனக்கே கொஞ்சம் சங்கடமானது.

நம் மாதிரி ஊர்களில் பெரிய கம்பெனிகள் பலவும் கடைசித் தூரத்தை உள்ளூர் கேபிள் ஆபரேட்டரிடம்தான் விட்டிருக்கின்றன. பிஎஸ்என்எல்கூடத் தன் ஃபைபர் இணைப்புகளை உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலம் கொடுக்கிறது. மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்கு. லைன் இழுப்பது, வெட்டினால் ஒட்டுவது, ராத்திரி போன் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

பேச்சுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 500 ரூபாய், அதில் பாதி அவருக்கு, 400 வீடுகள். கைக்கு வருவது ஒரு லட்சம். அதில் இரண்டு பையன்கள் சம்பளம், ஸ்ப்ளைசிங் மெஷின் தவணை, கேபிள், பெட்ரோல், அலுவலக வாடகை, கரண்ட் பில். போட்டிக்கு இன்னொருத்தர் வந்து கட்டணம் 400 ஆகிறது. இப்போது கைக்கு வருவது 80 ஆயிரம். குறைந்த 20 ஆயிரம் எங்கே போயிருக்கும்? கம்பம் ஏறுகிற ஒரு பையனை நிறுத்தியிருப்பார். இல்லையென்றால் பேட்டரி மாற்றாமல் விட்டிருப்பார்.

நூறு ரூபாய் குறைவென்று நான் மாறியபோது எனக்கு மிச்சமானது அந்தப் பையனின் கூலி. பிறகு ஐந்து நாள் யாரும் வரவில்லை என்று நானே கோபப்பட்டேன். நோட்டீஸ் என்னை ஏமாற்றியது உண்மைதான். ஆனால் என் நோட்டுப் புத்தகத்தில் பழுது பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு கட்டம் போடாதது யார்?

விதி இருக்கிறது, பிடிதான் இல்லை

இதற்கு விதியே இல்லை என்று நினைக்காதீர்கள். டிராய் 2006-லேயே பிராட்பேண்ட் தரத்துக்கு விதி போட்டது. பழுதுகளில் 90 சதவீதத்துக்கு மேல் அடுத்த வேலை நாளுக்குள்ளும், 99 சதவீதம் மூன்று வேலை நாளுக்குள்ளும் சரியாக வேண்டும் என்றது அந்த விதி. மூன்று நாள் தாண்டினால் ஏழு நாள் கட்டணம் கழிவு, ஏழு நாள் தாண்டினால் பதினைந்து நாள், பதினைந்தும் தாண்டினால் ஒரு மாதம் என்று இருந்தது. 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த புதிய விதிகளும் மூன்று நாளுக்கு மேல் போனால் ஈடு தர வேண்டும் என்கின்றன.

அப்படியென்றால் என் ஐந்து நாளுக்கு ஏதாவது கிடைத்ததா? ஒன்றும் கிடைக்கவில்லை. ஏனென்றால் விதியின் கணக்கில் நான் புகாரே கொடுக்கவில்லை. கேபிள் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் "அண்ணே, நெட் வரல" என்று போட்டேன். அவர் கட்டைவிரல் போட்டார். அவ்வளவுதான். 2012 விதிப்படி கம்பெனியின் புகார் மையத்துக்குச் சொல்லி ஒரு புகார் எண் வாங்க வேண்டும். தீரவில்லையென்றால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. எல்லாம் இருக்கிறது. ஆனால் முதல் படி அந்த எண். எண் இல்லாத புகார் எந்த அறிக்கையிலும் ஏறாது.

இங்கேதான் டிராய் மீது என் விமர்சனம். பெரும்பாலான புகார்கள் வாட்ஸ்அப்பிலும் தெருமுனையிலும் முடிந்துபோகிற ஊர்களில், கம்பெனி கொடுக்கிற கணக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கும் தமிழ்நாடு முழுக்க ஒரு கம்பெனிக்கு ஒரு எண் என்றுதான் வருகிறது. சென்னையும் சின்னசேலமும் ஒரே சராசரிக்குள். மொபைல் கம்பெனிகள் கவரேஜ் வரைபடம் போட வேண்டும் என்று 2024 விதியில் சேர்த்தார்கள், நல்லது. அதேபோல வீட்டு இணைப்புக்கும் மாவட்ட வாரியாகப் பழுது நேரத்தை வெளியிடச் சொன்னால் என்ன? இன்ன கம்பெனி கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சராசரியாக எத்தனை மணி நேரத்தில் பழுது நீக்குகிறது என்று நோட்டீஸில் ஒரு வரி. நான் ஓடிடி பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். டோல் ஃப்ரீ எண்ணைவிடக் கேபிள் அண்ணன் பல நாள் சீக்கிரமாகவே வந்திருக்கிறார். முகம் தெரிந்த ஆள் என்பதில் ஒரு பலம் உண்டு. ஆகவே இரண்டும் வேண்டும்: அவருக்கும் சொல்லுங்கள், புகார் எண்ணும் வாங்குங்கள். அந்த எண் அவருக்கு எதிரானது இல்லை. கம்பெனி அவருக்குக் கூடுதல் ஆள் போட வேண்டும் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

நோட்டீஸ் போகாத இடம்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறினால் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி அர்த்தமில்லாமல் போகிறது. கல்வராயன்மலையின் சிற்றூர்களுக்கு யாரும் நோட்டீஸ் கொண்டுபோவதில்லை. டவர் எடுக்கிற பாறை எது, எடுக்காத வளைவு எது என்பதுதான் அங்கே பேச்சு.

கீழே நமக்கு நெட் போனால் படம் நின்றுவிடும். மேலே அது கூலி விஷயம். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவைச் செயலி வழியாக, நாளைக்கு இரண்டு முறை புகைப்படத்தோடு ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கவும் நெட்வொர்க் வேண்டும். வலை போய்ச் சேருவதற்கு முன்பே, வலை இருப்பதாக வைத்துக்கொண்டு நிபந்தனைகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

பாரத்நெட் என்னாச்சு என்று கேட்பீர்கள். 2011-ல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்ற திட்டம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் கையில் வந்தது. 2020-ல் டெண்டர் நிபந்தனைகள் பற்றிப் புகார் எழுந்து, மத்திய அரசு தலையிட்டு, டெண்டர் ரத்தாகி, மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதை விடுங்கள், எனக்கு உறுத்துவது அளவுகோல். ஊராட்சி அலுவலகத்துக்குக் கம்பி வந்தால் 'இணைக்கப்பட்டது' என்று கணக்கு. மலையில் ஒரு ஊராட்சி என்பது மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கிற பல ஊர்கள். அலுவலகம் இருக்கிற ஊரில் விளக்கு எரிந்தால், ஓடை தாண்டி இருக்கிற ஊருக்கு அதனால் என்ன?

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், கிட்டத்தட்ட 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கானது. அதில் இரண்டு மாற்றங்கள் முக்கியம். கம்பியை ஒற்றைக் கோடாக இழுக்காமல் வளையமாக இழுப்பது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக ஓடும். இரண்டாவது, பத்து வருஷப் பராமரிப்பையும் திட்டத்துக்குள்ளேயே சேர்ப்பது. அதாவது வேகத்தைவிடப் பாதையும் பழுதுபார்ப்பும்தான் பிரச்சனை என்று அரசே பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதிக் கொடுத்திருக்கிறது. என் நோட்டுப் புத்தகம் அதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம்தான் எடுத்தது என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

மலையில் கேபிள் இழுக்க வனத்துறை விடாது என்ற பேச்சும் வரும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். பள்ளி, ரேஷன் கடை, சாலை போன்றவற்றோடு மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு வன நிலத்தைக் கொடுக்கலாம். வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2024-ல் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு கல்வராயன்மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று போகிற அந்தப் பட்டியலில் இந்தக் கம்பியும் ஒரு வரியாக ஏற வேண்டும். அதற்கு முதலில் கிராம சபையில் ஒரு தீர்மானம் வேண்டும்.

சரி, நோட்டீஸுக்குத் திரும்புகிறேன். அடுத்த இணைப்பு எடுக்கும் முன் கேட்கப்போகிற கேள்விகளை அதன் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் லைன் எந்தத் தெரு வழியாக வருகிறது? கரண்ட் போனால் உங்கள் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்? ஊரை விட்டு வெளியே எத்தனை பாதை? கம்பம் ஏற எத்தனை பேர் இருக்கிறார்கள்? பணம் கட்டினால் கம்பெனி பெயரில் ரசீது வருமா? அப்புறம் என் தெருவில் அதே இணைப்பு வைத்திருக்கிற இரண்டு வீட்டுக் கதவைத் தட்டி, போன மழையில் எத்தனை நாள் போச்சு என்று கேட்க வேண்டும்.

அவர்கள் சொல்கிற எண்ணிக்கையைத்தான் இந்த முறை நோட்டுப் புத்தகத்தின் முதல் கட்டத்தில் எழுதுவேன்.