எழுதாத ஆண்டுகள்

எழுத்தாளர் ஒருவர் ஐந்தாறு ஆண்டுகள் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டால், அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று தீர்ப்புக் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பிறர் அவ்வாறு கூறுவதுகூடப் பெரிதன்று. அந்த எழுத்தாளரே அவ்வாறு எண்ணத் தொடங்குகிறார். முன்பு தாளை எடுத்தவுடன் ஓடிய பேனா இப்பொழுது நகர மறுக்கிறது. எழுத வேண்டும் என்ற வேட்கையே நெஞ்சில் எழுவதில்லை. எழுத்துப் போன பின்பு தமக்கு என்ன மதிப்பு என்ற வினா அவரை உள்ளிருந்து அரிக்கிறது. பகலில் வகுப்பறையிலும் இரவில் எழுத்து மேசையிலும் உழைத்துப் பழகிய தமிழாசிரியர் பலர் இவ்வினாவை நன்கு அறிவர். இதற்கு ஆறுதல் மொழி கூறுவது எளிது. ஆனால் திறனாய்வின் கடமை, இலக்கிய வரலாற்றில் இத்தகைய மௌனங்கள் எவ்வாறு நேர்ந்தன, அவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்று ஆராய்வதாகும்.

தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடியான ந. பிச்சமூர்த்தி இதற்குத் தக்க சான்றாவார். 1900ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பிறந்த அவர், வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, பின்னர் இந்து அறநிலையத் துறையில் நிருவாக அதிகாரியாகப் பணியாற்றியவர். ‘காதல்’ என்னும் அவர்தம் கவிதை 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. 1940களின் நடுப்பகுதி வரை கவிதை படைத்த அவர், அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாகக் கவிதைத் துறையில் மௌனமாக இருந்தார். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கி, பிச்சமூர்த்தியின் பழைய கவிதையாகிய ‘பெட்டிக்கடை நாரணன்’ என்பதை அதில் மறுபதிப்புச் செய்தார். அதைத் தொடர்ந்து அவர் மீண்டும் எழுதலானார். ‘காட்டு வாத்து’, ‘வழித்துணை’ ஆகிய தொகுதிகள் 1960களில் வெளிவந்தன. ஏறத்தாழ அறுபது வயதில் அவருக்கு இரண்டாம் பருவம் வாய்த்தது எனலாம்.

ஊற்று வற்றியதால் பிச்சமூர்த்தி நின்றார் என்று கருதுவோர், அந்த ஆண்டுகளை இதழ்களின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அவர் எழுதிய ‘மணிக்கொடி’ 1930களோடு முடிவுற்றது. புதுக்கவிதைக்கு இடமளித்த ‘கலாமோகினி’, ‘கிராம ஊழியன்’ ஆகியவை 1940களில் நின்றன. அவரோடு இணைத்துக் ‘கும்பகோணம் இரட்டையர்’ என்று பேசப்பட்ட நண்பர் கு.ப. ராஜகோபாலன் 1944இல் மறைந்தார். வெளியிட இதழில்லை, எழுதியதைப் படித்துக் கருத்துரைக்க உற்ற தோழனும் இல்லை. கவிஞரின் உள்ளத்தில் நிகழ்ந்ததை நாம் முழுவதும் அறிய இயலாது. எனினும், படைப்பு வேட்கை எழுத்தாளனின் நெஞ்சில் மட்டும் பிறப்பதன்று என்பதை இந்த ஆண்டுகள் உணர்த்துகின்றன. கேட்பதற்குச் செவி இருக்கும்பொழுது குரல் எழுகிறது.

இவ்வுண்மைக்கு மலேசிய மண்ணிலும் சான்றுண்டு. 1950களின் தொடக்கத்தில் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். 1952இல் கு. அழகிரிசாமி அவ்விதழில் பணியாற்ற வந்து, எழுத்தாளரைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். அன்று இளைஞர் பலர் எழுத முன்வந்தனர் என்றால், அவர்களுடைய திறமை மட்டும் அதற்குக் காரணமன்று. எழுதியதைக் கருத்தூன்றிப் படிக்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் காரணமாகும். 1924இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை நம்பி எழுதிய ஒருவர் அதன்பின் எழுதாமல் இருந்தால், அதைத் தம் ஆற்றலின் வீழ்ச்சி என்று மட்டும் அவர் எண்ணிவிடலாகாது.

ஆயினும், பிச்சமூர்த்தியைக் காட்டி, ‘காத்திருங்கள், எழுத்து மீண்டும் வரும்’ என்று மட்டும் கூறி முடிப்பது போதாது. அவ்வாறு கூறும்பொழுது பழைய அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. எழுதினால்தான் மதிப்பு என்பதை நாம் ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறோம். மீண்டும் எழுதாதவர் நிலை என்ன? பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரேம்போ 1854இல் பிறந்தவர். இருபது வயதையொட்டிக் கவிதையைக் கைவிட்டவர், ஏடனிலும் எத்தியோப்பியாவின் ஹராரிலும் வணிகத்தில் ஈடுபட்டு, 1891இல் தம் 37ஆம் வயதில் இறந்தார். கவிதைக்கு அவர் திரும்பவே இல்லை. ஆனால் இளமையில் அவர் எழுதியவற்றின் ஒளி அதனால் குறையவில்லை. எழுதி முடித்த படைப்பு, எழுதியவனின் பிற்கால மௌனத்தால் அழிவதில்லை.

இங்கே இரண்டு மதிப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று படைப்பின் மதிப்பு. அதைத் திறனாய்வாளர் தாட்சண்யமின்றி அளக்கலாம், அளக்கவும் வேண்டும். மற்றொன்று மனிதரின் மதிப்பு. அது திறனாய்வாளரின் தராசில் ஏறும் பொருளன்று. நூல்களின் எண்ணிக்கையால் படைப்பைக்கூட அளக்க முடியாது. தம் வாழ்நாளில் ஏறத்தாழ 24 சிறுகதைகளே எழுதிய மௌனி, தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் தவிர்க்க முடியாத இடம் பெற்றிருக்கிறார். படைப்பையே எண்ணிக்கையால் அளக்க முடியாதபோது, மனிதரை அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

எழுதாத ஆண்டுகளில் ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்குச் செல்லப்பாவின் பணியில் ஒரு குறிப்பு உண்டு. அவரும் சிறந்த கதாசிரியரே. எனினும் தம் உழைப்பின் பெரும்பகுதியைப் பிறர் எழுதுவதற்கு இடம் அமைப்பதில் செலவிட்டார். 1962இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்களை ஒன்றுசேர்த்தது. ஒரு முதிய கவிஞரின் மௌனம் கலைந்ததற்கும் அந்த இதழே வாயிலாயிற்று. வேட்கை தணிந்த தமிழாசிரியர், தம் மாணவன் எழுதிய முதல் கதையைப் பொறுமையோடு படித்து, எங்கே உயிர் இருக்கிறது என்று சுட்டிக்காட்டுவாராயின், அவரும் இலக்கியப் பணியே செய்கிறார். தம் பேனா நின்ற இடத்தில் இன்னொருவர் பேனா தொடங்குவதற்கு அவர் காரணராகிறார்.

மாணவர்க்கும் ஒன்று கூற வேண்டும். ஓர் எழுத்தாளரைப் பற்றிக் கட்டுரை வரையும்பொழுது, எத்தனை நூல் எழுதினார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஆண்டுகளில் எழுதவில்லை, அப்பொழுது அவரைச் சூழ்ந்திருந்த உலகம் எத்தகையது என்றும் தேடுங்கள். அந்த இடைவெளிகளைப் படிக்கக் கற்றவர்கள், நாளை தம் வாழ்வில் அத்தகைய இடைவெளி நேரும்பொழுது தம்மைத் தாமே இகழ்ந்துகொள்ள மாட்டார்கள்.