காலிக் கட்டத்தின் நேர்மை

சித்தப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலரைக் கணினியில் வடிவமைத்தவன் நான். அச்சாகி வந்த முதல் பிரதியைச் சித்தி புரட்டிப் பார்த்தார். "இது அவரின்ர பேர் மாதிரி இல்லையே, தம்பி" என்றார். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர். சில பக்கங்களில் அது சரியாக இருந்தது. மற்றப் பக்கங்களில் ஒல்லியான ஒரு மெய்யெழுத்தும் தடித்த ஒரு 'ரீ'யும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவைபோல நின்றன. கணினி எந்த எச்சரிக்கையும் தந்திருக்கவில்லை. அச்சுக்குப் பயன்பட்ட எழுத்துருவின் விவரக் குறிப்பிலோ 'தமிழை ஆதரிக்கிறது' என்று இருந்தது. எழுத்துருக்களை அழகை வைத்து மட்டும் மதிப்பிடும் நாம், இந்த 'ஆதரிக்கிறது' என்ற சொல்லையும் விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டும்.

புலம்பெயர்ந்தவர்களின் அச்சுக்கு இது பழைய சிக்கல். ஈழத்திலும் புலத்திலும் பரவலாகப் புழங்கிய பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தது. பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். ஒரே எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் எழுத வழியில்லை. ஆனால் பிழை நேர்ந்தால் அது கண்ணில் குத்தியது. யாரும் கவனிக்காமல் அச்சுக்குப் போக முடியாது.

யூனிகோட் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஓர் எழுத்துரு தன்னிடம் இல்லாத எழுத்தைச் சந்தித்தால் பூச்சிய எண் கொண்ட வடிவத்தைக் காட்டும். வழக்கமாக அது ஒரு காலிக் கட்டம். அதற்கு 'டோஃபு' என்று பட்டப்பெயர். 'டோஃபு வேண்டாம்' என்ற பொருளில்தான் கூகுளின் நோட்டோ பெயர் பெற்றது. மோனோடைப்புடன் இணைந்து உருவான அது, 2016இல் 800க்கும் மேற்பட்ட மொழிகளுக்கானது என அறிவிக்கப்பட்டது. பெரிய வணிக மதிப்பில்லாத எத்தனையோ எழுத்துமுறைகளுக்கு இலவசமாக ஓர் அச்சுமுகம் கிடைத்தது. இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. என் மறுப்பு அதன் இலக்கோடுதான். கட்டம் தெரியாமல் போவது ஒன்று. எழுத்து சரியாக வருவது வேறொன்று.

சித்தப்பாவின் பெயரில் நடந்தது இதுதான். ஸ்ரீ என்பதை இரண்டு விதமாகக் குறியேற்றலாம். 'ஸ்'ஸில் தொடங்குவது ஒரு வழி. 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' சேர்ந்தபின் அதில் தொடங்குவதே பரிந்துரைக்கப்படும் வழி. திரையில் இரண்டும் ஒரே உருவம். நான் தட்டச்சிட்டது முதல் வகை. உறவினர் அனுப்பிய இரங்கலுரைகளில் இருந்தது இரண்டாவது. அச்சுக்குப் போன எழுத்துருவில் 'ஶ' கிடையாது. மென்பொருள் அந்த மெய்யை மட்டும் வேறோர் எழுத்துருவில் இருந்து கடன் வாங்கியது. இரண்டு எழுத்துருக்களுக்கு நடுவே கூட்டெழுத்து பிறக்காது. கட்டம் தெரிந்திருந்தால் மெய்ப்பு பார்த்தபோதே பிடித்திருப்பேன். இல்லாததை இல்லை என்று சொல்லும் நேர்மை கட்டத்துக்கு உண்டு. கடன் எழுத்துக்கு அது இல்லை.

இல்லாமையை வேறு விதமாகவும் மறைக்கலாம். முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் யூனிகோட் 12இல் தமிழ்த் துணைத் தொகுதியாக இடம்பெற்றன. நோட்டோவில் இவற்றுக்கென்று தனி எழுத்துரு உண்டு. நுனிக்கோடு இல்லாத வடிவில் அமைந்தது அது. நுனிக்கோடுள்ள எழுத்தில் கோத்த ஓர் எண்சுவடிப் பதிப்புக்குள் அதை இட்டால், தமிழ்க் கணக்கே தமிழ்ப் பக்கத்தில் விருந்தாளிபோல உட்கார்ந்திருக்கும். குறிக்கு இடம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் அது பொருந்தி நிற்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவில் அடைக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஒரு கோப்பில் 65,535 வடிவங்களுக்கு மேல் கொள்ளாது. யூனிகோட் 16இல் உள்ள எழுத்துகளோ 1,54,998. இரவில் விழித்திருந்து எழுத்துரு வரைந்து இலவசமாகத் தரும் ஒருவரிடம் இன்னும் கேட்பது நியாயமா என்றும் கேட்பார்கள். எல்லாவற்றையும் வரையச் சொல்லவில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்கிறேன். இரண்டு வகை ஸ்ரீயும் சேருகின்றனவா? தமிழ் எண்கள் உண்டா? நாம் வாழும் நாடுகளின் எழுத்துகள், நோர்வே மொழியின் குறுக்குக் கோடிட்ட ஓவும் தலையில் வளையம் வைத்த ஏயும், உள்ளனவா? எங்கள் பிள்ளைகளின் முகவரிகள் அந்த எழுத்துகளில்தான் இருக்கின்றன. 247 எழுத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு 'தமிழை ஆதரிக்கிறது' என்று சொல்வது, மொழியைப் பாடப்புத்தக அட்டவணையாகச் சுருக்குவதாகும்.

மலரை எல்லா இடத்திலும் ஒரே குறியேற்றத்துக்கு மாற்றி மறுபடி அச்சிட்டுச் சித்தியிடம் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்பே பழைய மின்படி உறவினரிடையே சுற்றத் தொடங்கிவிட்டது. அதில் சித்தப்பாவின் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினால், நான் எழுதிய பக்கங்களில் மட்டும் அவர் அகப்படுகிறார். மற்றவர்கள் அவரை நினைத்து எழுதிய பக்கங்களில் அவர் இல்லை.