கருணையும் கணக்கும்: ‘எரியும் பனிக்காடு’ பற்றிச் சில எண்ணங்கள்

பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்தவர்களின் துயரைத் தமிழ் இலக்கியம் பாராமல் விட்டுவிடவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களுக்காகப் பாரதி பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போனவர்களைப் பற்றிப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். கடல் கடந்தவர்களுக்காகக் கண்ணீர் சிந்திய நாம், நம் மண்ணிலேயே நெல்லைச் சீமையிலிருந்து ஆனைமலைக்கு ஏறியவர்களைப் பற்றி அதிகம் அறிந்திருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்த நூல், பால் ஹாரிஸ் டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது. ஆசிரியர் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். நோயாளிகளின் வாய்மொழியே அவருக்கு மூலப்பொருள்.

கதை எளியது. மழை பொய்த்த ஊரில் வேலையின்றித் தவிக்கும் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் மேஸ்திரி ஒருவனின் இனிய சொல்லை நம்பி, முன்பணம் பெற்று மலையேறுகிறார்கள். சிறிது காலம் உழைத்துக் கையில் காசோடு திரும்பலாம் என்பது அவர்கள் கனவு. அங்கே அவர்களை எதிர்கொள்பவை பனியும் அட்டையும் மலேரியாவும், குடும்பங்களை நெருக்கி அடைத்த குடியிருப்பும். இவை எல்லாவற்றினும் கொடியது கணக்குத் தீர்க்கும் நாள். முன்பணமும் அரிசிக் கடனும் கம்பளியின் விலையும் கூலியிலிருந்து கழிக்கப்பட, உழைத்தவன் கடன்காரனாகவே வெளியே வருகிறான். மீண்டும் ஓராண்டு!

நாவலின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்போம். காலில் விலங்கு பூட்டாமலே ஒரு மனிதனைக் கட்டிப்போட ஒரு கணக்கேடு போதும் என்பதை, முழக்கம் எதுவுமின்றி ஆசிரியர் காட்டிவிடுகிறார். இது கற்பனையன்று. முன்பணம் பெற்றபின் வேலையைக் கைவிட்டவரைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டின் சட்டமொன்று இடமளித்தது. கடன் அந்நாளில் குற்றமாகவே கருதப்பட்டது.

நூலின் பிற்பகுதியைப் பற்றி நமக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆபிரகாம் என்ற நல்ல மருத்துவர் வருகிறார், மருத்துவமனை சீர்பெறுகிறது, வாசகர் நெஞ்சில் ஆறுதல் பிறக்கிறது. ஆனால் அந்த ஆறுதலின் நிழலில் கணக்கேடு மறைந்துவிடுகிறது. காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது. கடனுக்கு என்ன மருந்து? உழைப்பவர் கதையாகத் தொடங்கியது, உழைப்பவருக்கு உதவியவரின் கதையாகச் சற்றே திசை மாறுகிறது.

இந்நாவலைத் தழுவி 2013இல் இயக்குநர் பாலா எடுத்த ‘பரதேசி’ திரைப்படம் மறுகோடிக்குப் போயிற்று. அதில் வரும் கிறிஸ்தவ மருத்துவர், சாகக் கிடப்பவர்களிடையே மதம் பரப்புவதில் முனைப்புக் காட்டுகிறார். மூல நூலுக்கு இது நீதி செய்யவில்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மனம் புண்பட்டதோடு நாம் நின்றுவிடலாகாது. நாவலின் மருத்துவரும் திரைப்படத்தின் மருத்துவரும் ஒரே கேள்வியை நம்முன் வைக்கிறார்கள்: ஏழைக்கு நாம் கொடுப்பது எது, அவனுக்கு உரியது எது?

கேளம்பாக்கத்தில் வாழும் நமக்கு இது பழங்கதையன்று. உப்பளங்களும் வயல்களுமாக இருந்த இச்சுற்றுவட்டாரத்தில், பழைய மகாபலிபுரம் சாலையோரம் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அவற்றை எழுப்ப ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். காவிரிப் பாசன வயல்களில் நாற்று நடவும் வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மேஸ்திரியும் முன்பணமும் இன்றும் மறையவில்லை. மலையேறிய தமிழனின் இடத்தில் இன்று தமிழ்நாட்டுக்கு வந்தவன் நிற்கிறான். முதலாளியின் இடத்தில் சில வேளைகளில் நாமே நிற்கிறோம்.

சட்டம் என்ன செய்தது? மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர்க்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேரைக் கொண்ட நிறுவனத்துக்கே பொருந்தியது. தங்குமிடம், மருத்துவம், பயணப்படி ஆகியவற்றோடு இடப்பெயர்வுப் படியையும் அளித்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், ஒப்பந்தக்காரர் இன்றித் தாமே வந்தவரையும் கணக்கில் கொள்கிறது, அது நல்லதே. ஆனால் ஐந்து என்பது பத்தாயிற்று; இடப்பெயர்வுப் படியும் இல்லாமற்போயிற்று. கருப்பனும் வள்ளியுமோ மாநில எல்லையைத் தாண்டியவர்களே அல்லர். இவ்விரு சட்டங்களின் அகராதியிலும் அவர்கள் பெயர்ந்தோர் ஆகமாட்டார்கள். சட்டம் எல்லைக்கோட்டைப் பார்க்கிறது; இலக்கியம் மனிதன் விட்டுவந்த வீட்டைப் பார்க்கிறது. இந்நூலின் நிலைத்த பயன் இதுவே.

2020இன் பொது முடக்கத்தில் அரிசியும் பருப்பும் கொண்டு இத்தொழிலாளரைத் தேடிச் சென்ற பங்கு மக்கள் பலர். அது போற்றத்தக்க அன்பு. எனினும், வயலை அறுத்தவர்களைப் பற்றி எழுதும் யாக்கோபு, அவர்களுக்கு இரங்குமாறு செல்வரிடம் கேட்கவில்லை. பிடித்துவைத்த கூலியையே சுட்டுகிறார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலும், பருவ வேலைக்குப் பெயர்ந்து வந்தவர் உரிமையில் பிறரினும் தாழ்ந்தவராக நடத்தப்படலாகாது என வலியுறுத்துகிறது.

ஆகவே இந்நூலைப் படித்து முடித்தவர்கள், நம் வீட்டுக்குச் செங்கல் சுமப்பவரிடமும் நம் வயலில் நாற்று நடுபவரிடமும் சில கேள்விகளைக் கேட்கலாம். முன்பணம் எவ்வளவு? கூலி யார் கையில் சேருகிறது? ஊர் திரும்ப நினைத்தால் விடுவார்களா? அவர் சொல்லும் விடை நமக்குச் சங்கடம் தரக்கூடும். அந்தச் சங்கடத்தை ஒரு மூட்டை அரிசியால் தீர்த்துக்கொள்ளாமல், மேஸ்திரியை அழைத்துக் கணக்கைக் காட்டச் சொல்வோமாயின், டேனியல் எழுதியதை நாம் உண்மையாகவே வாசித்தவர்கள் ஆவோம்.