எங்கெங்கே தேடியது? மொடியூல் வழிகளும் நம் அளவுகோலும்

பேர்ள் வழி, பைதன் வழி, டெபியன் பொதி வழி என்ற பிரிவுகளை நம் சங்கத்தாருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மூன்று வழியினருக்கும் வந்து சேரும் முறைப்பாடு ஒன்றுதான்: மொடியூல் வட்டில் இருக்கிறது, நிரலோ காணவில்லை என்கிறது. நம் மூத்தோர் இதற்கு வகுத்த அளவுகோல் எளிது. எதை நிறுவுவது என்று யோசிக்குமுன், தேடியது யார், எங்கெங்கே தேடியது என்று கேட்க வேண்டும். இந்த வழிகளை மதிப்பிடும்படி மலர்க்குழு கேட்டிருக்கிறது. என் மதிப்பீடு இந்த ஒரு கேள்வியை வைத்தே அமைகிறது.

நான் சார்ந்த பேர்ள் வழியைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1995இல் சீபான் என்ற மொடியூல் களஞ்சியத்தைப் பெற்ற இவ்வழிக்கு வாய்த்த பேறு, பிழைச்செய்தியே தேடிய இடங்களையெல்லாம் வரிசையாக அச்சிட்டுவிடுவது. எங்கள் ஆசான் கற்பித்தது அந்த '@இன்க்' பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிப்பதைத்தான். பயனரின் வீட்டு அடைவில் வைத்த மொடியூல் முனையத்தில் கிடைக்கும். இரவில் கிரோன் ஓட்டும்போது கிடைக்காது, ஏனெனில் தேடும் இடங்களைக் கூட்டும் பேர்ள்5லிப் மாறியை அமைக்கும் தொடக்கக் கோப்பைக் கிரோன் படிப்பதில்லை. சி மொழியில் தொகுத்த மொடியூலானால் பேர்ள் பதிப்பும் பொருந்த வேண்டும். களனிவெளி ரயில் பாதையின் பழைய இரண்டரை அடி அகலத்துக்குச் செய்த பெட்டி, நம் கடுகண்ணாவை ஏற்றத்தின் ஐந்தரை அடித் தண்டவாளத்தில் ஏறுமா? 2017இல் பேர்ள் 5.26 நடப்பு அடைவைக் குறிக்கும் புள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது பல பழைய நிரல்கள் நின்றுபோயின. பொது அடைவொன்றில் எவரோ போட்டுவைத்த கோப்பை நிர்வாகியின் நிரல் எடுத்து ஓட்டிவிடும் ஆபத்துக்காகவே அந்த நீக்கம். பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நிரல் நின்ற காரணம் ஒரே பார்வையில் விளங்கிற்று.

பைதன் வழியினரின் பிழைச்செய்தி பெயரை மட்டும் சொல்லும், இடங்களைச் சொல்லாது. ஆகவே அவர்களுக்குக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மொடியூலை நிறுவிய பிப் என்ற கருவி ஒரு பைதனுக்கு உரியது, ஓடுவது வேறொரு பைதன் என்பதே பெரும்பாலான வழக்குகளின் முடிவு. ஓடும் பைதனைக் கொண்டே பிப்பை அழைத்தால் அந்தக் குழப்பம் தீரும். பில்லோ என்று நிறுவியதைப் பி.ஐ.எல். என்று அழைக்க வேண்டியிருப்பது வேறு சிக்கல். 2012இல் பைதன் 3.3உடன் வந்த வென்வ், ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை கொடுத்தது. இங்கேதான் டெபியன் பொதி வழி குறுக்கே வருகிறது: 2023இல் டெபியன் 12, இயங்குதளத்தின் பைதனுக்குள் பிப் நேரே எழுதுவதை மறுக்கத் தொடங்கியது. அந்த மறுப்பை மீறும் சொல்லுக்கே 'இயங்குதளப் பொதிகளை உடை' என்று பொருள். இன்றைய அன்பர் சிலர், எவரையும் சுட்டவில்லை, அவர்களின் வேகமும் மெச்சத்தக்கதே, அதைத் தயங்காமல் தட்டுகிறார்கள். மூன்றுமுறை நிறுவுகிறார்கள், பிறகு நிர்வாகி உரிமையோடு நான்காம் முறை. திரையில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கமே அற்றுவருகிறது. படிக்காத கைக்குக் கணினி எதற்கு? பிழைச்செய்தியைப் படியாதவர் நாளை சேர்வர் பதிவேட்டையும் படியார், ஒப்பந்தத்தையும் படியார். ஒரு தலைமுறையின் எழுத்தறிவே கைநழுவுகிறது என்று அஞ்சுகிறேன்.

வட்டில் இடம் மலிவு, மறுபடி நிறுவினால் என்ன நட்டம் என்பார்கள். இரண்டு பிரதிகள் இருந்தால் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுக்குத்தான் போகும். நிரல் மற்றதை எடுக்கக்கூடும். 2013இல் டொக்கர் கொள்கலன் வந்தபின் இந்தக் கல்வி எதற்கு என்பது வலுவான மறுப்பு. கொள்கலன் ஒரே சூழலை எங்கும் கொண்டுபோகிறது, மெய்தான். ஆயினும் அதனுள்ளும் ஒரு பைதன், ஒரு தேடல் பட்டியல் உண்டு; அங்கே இரண்டு பைதன் சேர்ந்துவிட்டால் அதே முறைப்பாடுதான். செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பயிலரங்கின் முதல் நாள் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். எதையும் புதிதாக நிறுவ முடியாத அறையில், வட்டில் ஏற்கெனவே இருக்கும் மொடியூலை இளையோர் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.