மூன்று அண்ணன்மாரின் வழித்தடம்

இங்கிலாந்துக் கிராமத்தில் ஒருவர் தன் முன்னோரைத் தேடினால் ஊர் மாதாகோயில் பதிவேட்டைப் புரட்டுவார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கும்படி 1538-இல் அங்கே அரசாணை பிறந்தது. கல்வராயன் மலையில் அந்த வேலையைக் கதை செய்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பினார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக ஒரு வடிவம். கல்வராயன் உள்ளிட்ட இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் இந்தக் கதையை ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் வெளிவந்த தன் தொகுதிகளில் பதிந்திருக்கிறார்.

இதில் ரசிக்க வேண்டியது சிக்கனம். மூன்றே பெயர்கள்; தனித்தனியே நிற்கும் மலைகள் பங்காளிகளாகிவிடுகின்றன. வந்த திசை, உறவு, மூப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். சின்னப் பிள்ளைக்கும் மறக்காது. கல்வெட்டுச் சான்று கேட்பவர் கேட்கட்டும். எந்த மலையில் யார் நமக்குச் சொந்தம் என்பதைச் சொல்ல இதுவே போதும்.

கல்வராயனில் பிந்தைய தலைமுறைகளின் கதை ஜாகிர்களோடு, அதாவது பரம்பரைத் தலைவர்களின் ஆளுகைப் பகுதிகளோடு, பின்னியது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்களாக மலை பிரிந்திருந்தது. 1976-இல்தான் அது முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அதற்கு முன் யார் எந்தக் கொல்லையை உழுதார்கள் என்பதற்குப் பெரியவர்களின் ஞாபகமே பெரிய ஆதாரம்.

கல்வராயனில் வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டி சொல்லும் வம்சக் கதையை அவர்கள் பேச்சிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.